பழைய வீடு, புதுப் பாப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் என் கணவரின் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. திண்ணை, ரேழி, கூடம், திறந்த முற்றம், கொல்லையில் கிணறு, கூரைக்குத் தேக்குக் கட்டைகள் மேல் சுண்ணாம்புத் தளம். அதைப் பழுது பார்க்க ஒரு தை மாதம் ஆரம்பித்தோம். மாசியில் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. புரட்டாசியில் மகள் பிறந்தாள். அடுத்த தை கடைசியில், அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, அந்த வீட்டுக்கே குடி வந்தோம். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள், சொந்தக்காரர்கள், இதே மாதிரி வீடு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் என்று கேட்காதவர்களே இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது வீட்டில் கை வைக்கக் கூடாது என்பார்களே, பெரியவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

ஒத்துக்கொள்ள நாளானது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முதலில் விருப்பமே இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தபோது வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, கூடத்துக் கூரை பாதி பிரித்த நிலையில் இருந்தது. அப்படியே விட்டால் மழைக்கு வீடு தாங்காது. கடைசியில் மாமாதான் வழி சொன்னார்: புதிதாக அஸ்திவாரம் தோண்டுவதில்லை, வாசல் நிலையைத் தொடுவதில்லை, பழுது பார்ப்பதை மட்டும் முடிப்போம் என்று. அதற்கு அத்தையும் சரி என்றார். வாசல் நிலை இன்றும் பழையபடியேதான் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அது நல்ல நிலை.

இந்த வழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். இடிக்கிற வீட்டில் தூசி, பழைய பெயின்ட், வழுக்கும் தரை, தேங்கும் தண்ணீர், திறந்து கிடக்கும் வயர் எல்லாம் இருக்கும். கர்ப்பிணிக்கு இதில் எதுவுமே நல்லதில்லை. வேலையை நிறுத்த முடியாவிட்டால் அந்த ஆபத்துகளிடமிருந்து அவளைத் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வருடம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் ஓடியது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?

செலவைப் பார்த்தால் சிலருக்கு அதுதான் சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டுச் சுவர்கள் திடமாக இருந்தன. வெயில் காலத்தில் கூடத்தில் மத்தியானம் ஃபேன் மட்டும் போட்டுத் தூங்கலாம். கான்கிரீட் தளத்துக்குக் கீழே அது நடக்காது. கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் அது பெரிய விஷயம்.

எந்த வேலையை முதலில் செய்தீர்கள்?

கர்ப்பம் தெரிந்த பிறகு முதலில் கை வைத்தது டாய்லெட். யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கும். ராத்திரி எழுந்து, தாழ்வாரம் தாண்டி, கிணற்றடி ஈரத்தில் நடந்து போக வேண்டும். கர்ப்பிணிக்கு ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். அதனால் கூடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையைப் பாத்ரூமாக மாற்றினோம். வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ், பிடித்துக்கொண்டு எழ சுவரில் ஒரு கம்பி, தடுக்காத தாழ்ந்த வாசற்படி. எனக்குச் சிசேரியன் ஆகி இங்கே திரும்பி வந்தபோது அந்தக் கம்பியின் அருமை புரிந்தது. அத்தைக்கும் முட்டி வலி. அவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

டைல்ஸ் போட வந்தவர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பாதியில் வராமல் போனது தனிக் கதை. அதன் பிறகு யாருக்கும் முடித்த வேலைக்கு மேல் பணம் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை கணக்குப் பார்த்து அந்த வாரத்துக்குக் கொடுத்தோம்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை எப்படிப் பழுது பார்ப்பது? ஒழுகினால் மேலே சிமென்ட் பூசினால் போதாதா?

போதாது, அதுதான் பல வீடுகளைக் கெடுக்கிறது. இந்தக் கூரையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான ஒரு தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு. ஒழுகும்போதெல்லாம் மேலே சிமென்ட் கலவையை ஏற்றிக்கொண்டே போனால் கட்டைகளின் தலையில் பாரம் ஏறும். வெயிலில் சிமென்ட் வெடித்து, தண்ணீர் வழக்கம்போல் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஆவியாக மேலே போக வழி இல்லாமல் மரத்தைப் பிடிக்கும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. முன்பு யாரோ ஏற்றியிருந்த சிமென்டையும் பழைய தட்டோட்டையும் கையால் கொத்தி எடுத்தோம். கொத்தும் மெஷினை எங்கள் கொத்தனார் மேலே ஏற்றவே விடவில்லை. அதன் அதிர்வில் குத்தாக நிற்கும் செங்கல்கள் கழன்றுவிடும் என்றார். பிரித்த பிறகு ஒவ்வொரு கட்டையையும் ஆசாரி தட்டிப் பார்த்தார். இந்த மாதிரி வீடுகளில் மரம் முதலில் கெடுவது சுவருக்குள் செருகியிருக்கும் முனையில்தான். சுவரின் ஈரத்தை அதுதான் குடிக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நடுவில் தட்டினால் ணங்கென்று கேட்ட கட்டை ஒன்று, சுவர் ஓரத்தில் தட்டினால் பொத்தென்றது. ஆசாரி உளியை வைத்து லேசாக அழுத்தினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. உள்ளே கரையான். கீழே முட்டுக் கொடுத்து அந்தக் கட்டையை மாற்றினோம். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் அதே கனத்தில் பழைய தேக்கு கிடைத்தது. சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் காற்று போக இடம் விட்டுத்தான் செருகினார்கள்.

அப்புறம் தளம். கடுக்காயை இடித்துத் தண்ணீரில் வெல்லத்தோடு ஊறப்போட்டு, புளித்த பிறகு அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கிறார்கள். எனக்கு அப்போது மசக்கை. அந்த வாடை வாசலுக்கு வரும்போதே குமட்டும். கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டினார்கள். மேலே கடுக்காய்த் தண்ணீரைத் தெளிப்பது, தட்டுவது, மறுபடி தெளிப்பது. முதலில் கட்டை உள்ளே அமுங்கும். நாள் போகப் போகச் சத்தம் மாறும். கடைசியில் கட்டை தளத்தில் பட்டு எகிறும், அதுதான் இறுகிவிட்டதற்கு அடையாளம். அதன் மேல் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்துத் தட்டோடு பதித்து, வைக்கோலைப் பரப்பி ஈரம் காயாமல் வைத்தார்கள். சித்திரை வெயிலில் வைக்கோல் இல்லாமல் சுண்ணாம்பு வெடித்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீற்றாத சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த இடத்துக்குக் குழந்தைகளை விடவே கூடாது.

கீழே சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா?

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே உப்பாகப் பூக்கும். எங்கள் கூடத்தில் இடுப்பளவு சிமென்ட் பூசி, உப்பு தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதைக் கொத்திவிட்டு, கோடை முழுவதும் செங்கல் தெரியச் சுவரைக் காயவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. பிறகு சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளை.

பெயின்ட் விஷயத்தில் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தீர்கள்?

காரணம் ஈயம். இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன்பு அடித்த எனாமல் பெயின்டில், முக்கியமாகப் பளபளக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் ஜன்னல் கதவுகளில் பச்சை மேல் பச்சையாக எத்தனையோ தலைமுறைப் பெயின்ட் இருந்தது. பெயின்ட் நன்றாக ஒட்டியிருக்கும் வரை ஆபத்து குறைவு. அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதும், நெருப்பு காட்டி உரிக்கும்போதும்தான் தூளாகவும் புகையாகவும் கிளம்பும். கர்ப்பிணி அதைச் சுவாசித்தால் ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தவழும் குழந்தை தரையில் கை வைத்து அதே கையை வாயில் வைக்கும். மூளை வளர்கிற வயதில் ஈயத்துக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

ஆசாரி ப்ளோ லாம்ப் வைத்து உரித்தால் சீக்கிரம் முடியும் என்றார். வேண்டாம் என்று என் கணவர் நின்றுவிட்டார். கதவுகளைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், தண்ணீர் விட்டு நனைத்து, ஈர உப்புத்தாளால் மட்டும் தேய்த்தார்கள். கீழே தார்ப்பாய். தேய்த்தவர்களுக்கு என்95 மாஸ்க். வேலை முடிந்து சாப்பிடும் முன்பு சோப்பு போட்டுக் கை கழுவினார்கள், வேலைச் சட்டையை அங்கேயே கழற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், சட்டையில் ஒட்டிய தூள் அவர்களுக்குப் போகக் கூடாது. சேர்ந்த சக்கையைப் பையில் கட்டினோம், எரிக்கவில்லை. வீட்டுக்குள் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தோம். பெருக்கினால் தூள் மேலே கிளம்பும்.

நான் அந்த நாட்களில் வீட்டுப் பக்கமே போகவில்லை.

புதுப் பெயின்ட் வாடை குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததால் வாடை பிரச்சினை இல்லை. கதவுகளுக்கு மட்டும் எனாமல். தின்னர் கலக்கும் பெயின்ட் என்பதால் ஐப்பசிக்கு முன்பே அடித்து, நாங்கள் வரும் வரை ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். தொட்டிலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெறும் மரமாகவே இருக்கிறது.

வேலை நடக்கும்போது எங்கே இருந்தீர்கள்?

முதலில் வீட்டின் பின்பாதியில். இடையில் தார்ப்பாய் கட்டி, முன்பாதியில் வேலை. பெயின்ட் உரிக்கும் கட்டம் வந்ததும் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷனை வாடகைக்குப் பிடித்தோம். இரட்டைச் செலவுதான், ஆனால் அது வீண் செலவு இல்லை. ஆனி கடைசியில் வளைகாப்பு முடிந்து நான் திருவாரூருக்கு அம்மா வீட்டுக்குப் போனேன்.

இந்த வழக்கம் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லியே ஆக வேண்டும். ஏழாம் மாதம் பெண் பிறந்த வீட்டுக்குப் போய், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருவாள். அந்த இடைவெளியில் வீட்டில் தூசி கிளம்பும் வேலை எல்லாம் முடிந்துவிடும். வேலைப் பட்டியலை அந்தத் தேதிகளை வைத்துத்தான் போட்டோம். வளைகாப்புக்கு முன் கூரை, நான் ஊரில் இல்லாதபோது புதுப் பெயின்டும் பூச்சும் வயரிங்கும், திரும்பி வந்த பிறகு சத்தமோ தூசியோ இல்லாத வேலை மட்டும்.

தண்ணீர் தேங்கி டெங்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

கட்டட வேலைக்கு டிரம், தொட்டி, க்யூரிங் தண்ணீர் என்று எங்கும் தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசுவான ஏடிஸ் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் எல்லா டிரம்களையும் கவிழ்த்து, உள்பக்கத்தை நாரால் தேய்த்தார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிரப்பி வைக்கும் டிரம்முக்கு வேட்டித் துணி கட்டி மூடினோம். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம்.

வயரிங் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

மரப் பட்டை மேல் ஓடும் பழைய வயரிங், எர்த் வயர் இல்லாத பிளக் பாயின்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வயர்தான் ஓடியது. புது எர்த் குழி போட்டு, லோடு கூடினால் அணைந்துவிடும் எம்சிபியோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்தோம். கரண்ட் கசிந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டு சப்ளையைத் துண்டித்துவிடும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். பிளக் பாயின்ட்கள் எல்லாம் ஓட்டை மூடியிருக்கும் ஷட்டர் வகை. குழந்தையின் விரல் போகும் உயரத்தில்தான் அவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

எவ்வளவு செலவானது? பணத்துக்கு என்ன செய்தீர்கள்?

தொகையை எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை, ஒவ்வொரு வீட்டின் கெடுதலும் வேறு. மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி கூரைக்கே போனது. சேமிப்பு, என் நகைக்கடன், மாமா கொடுத்தது. பேங்க் கடன் உடனே கிடைக்கவில்லை, காரணம் வீடு இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், கணவரின் அத்தைமார் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம், பெயர் மாற்றம் என்று அது தனி வேலை. தாத்தா வீட்டைப் பழுது பார்க்க நினைப்பவர்கள் கொத்தனாரைப் பார்க்கும் முன் இதை ஆரம்பியுங்கள்.

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடன் வட்டிக்கு வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. பழுது பார்க்க எடுத்த கடனுக்கு அது 30,000 ரூபாய்தான்.

கைக்குழந்தைச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகையை வைத்துவிட்டு, வீட்டு வேலை எந்த நிலையில் நின்றாலும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். சிசேரியனுக்கும் அதற்குப் பின்னான நாட்களுக்கும் அதுதான் கை கொடுத்தது.

லீவு எப்படிச் சமாளித்தீர்கள், டீச்சர்?

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். தனியாரில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். என் கணவர் தனியார் கம்பெனியில் இருக்கிறார். தனியார் ஊழியர்களில் அப்பாவுக்கு லீவு தர வேண்டும் என்ற பொதுச் சட்டம் இங்கே இல்லை. பாப்பா பிறந்த வாரம் அவர் எடுத்தது சொந்த லீவு. இந்த வருடத்தில் எனக்கு நியாயமாகப் படாத ஒன்று உண்டென்றால் அதுதான்.

பிறப்புச் சான்றிதழ், மற்ற பதிவுகள்?

கர்ப்பம் தெரிந்ததும் அந்தப் பகுதி சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய அந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பதிவு இலவசம். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிந்துவிடலாம், ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும்.

எங்கள் வீட்டில் வேலை பார்த்த சித்தாள் அக்காவின் மருமகளும் அப்போது கர்ப்பம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு ரொக்கமும் சத்துணவுப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கும் இதே பதிவுதான் முதல் படி. வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண் பதியாமலே இருந்தாள்.

பாப்பா பிறந்த சமயம் மழைக்காலம். உங்கள் கணவர் தனியாக எப்படிச் சமாளித்தார்?

வாரக் கடைசியில் திருவாரூர், மற்ற நாள் கும்பகோணம் என்று ஓடிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் முதல் பெருமழை பிடித்த ராத்திரி, நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு கூடத்துக் கூரையை ஒவ்வொரு கட்டையாகக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. கடுக்காய் வாடையில் நான் பட்ட பாடு எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோனது.

ஒழுகியது வேறு இடத்தில். புது பாத்ரூமின் கான்கிரீட் தளமும் பழைய சுண்ணாம்புச் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் கோடாக இறங்கியிருந்தது. கான்கிரீட் வெயிலில் விரிந்து சுருங்கும் அளவு வேறு, சுண்ணாம்புச் சுவர் வேறு, இரண்டையும் சும்மா ஒட்டிப் பூசினால் நடுவில் கீறல் விடும். மழையில் எதுவும் செய்ய முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பாத்திரம் வைத்து ஓட்டினார்கள். தை பிறந்து சுவர் காய்ந்த பிறகு, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, நீர் தடுப்பு ஷீட்டைத் தளத்திலிருந்து மேலே மடித்து அந்தக் காடிக்குள் செருகி அடைத்தார்கள். பழைய வீட்டோடு புதுக் கட்டுமானம் சேர்க்கும் எல்லோரும் இந்த மூலையை முதலிலேயே கவனியுங்கள்.

குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறீர்களா? தூசியால் சளி பிடிக்கவில்லையா?

போடுவதில்லை. அத்தைக்குக் கொஞ்சம் மனக்குறைதான். அவ்வளவு பாடுபட்டுத் தூசியும் புகையும் இல்லாமல் ஆக்கிய வீட்டில் கைக்குழந்தையின் முகத்துக்கு எதிரே நாமே ஏன் புகை போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு அத்தையிடம் சொன்னேன், அவரும் விட்டுவிட்டார். தலைக்கு ஊற்றிய பிறகு நன்றாகத் துவட்டினால் போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், சீனித் தண்ணீர் கிடையாது. ஒன்றரை மாதம், இரண்டரை, மூன்றரை என்று தடுப்பூசிகள் தேதி தவறாமல் போட்டோம்.

தூளி கட்ட கூடத்து உத்திரத்து வளையம் தாங்குமா?

நல்ல கேள்வி, பலரும் கேட்பதில்லை. பழைய வீடுகளில் உத்திரத்தில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். என் கணவரும் அவருடைய அப்பாவும் தூங்கிய தூளிகள் அதில்தான் தொங்கின. அப்போது தாங்கியது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் ஆசாரி வளையத்தைச் சுற்றி மரத்தைத் தட்டிப் பார்த்தார், கரையான் இல்லை. ஆனால் வளையம் துருப்பிடித்துப் பாதி தேய்ந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை துளைத்துப் போகும் போல்ட்டும் வாஷரும் போட்டு மாற்றினார். மாற்றிய பிறகு என் கணவரே தொங்கிக் காட்டினார். பகலில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. ராத்திரியில் பாப்பா சமமான படுக்கையில், மல்லாக்க. தலையணையும் கனமான போர்வையும் இல்லை.

முற்றமும் கிணறும் இருக்கிற வீட்டில் தவழும் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கிணற்றுக்குப் பூட்டு போட்ட இரும்புக் கம்பி மூடி. முற்றத்தைச் சுற்றித் தூண்களுக்கு நடுவே குழந்தை ஏற முடியாத, குறுக்குக் கம்பி இல்லாத மரத் தடுப்பு. முற்றத்துத் தூம்பு வாய்க்கு வலை, அதில் இலை அடைக்காமல் மழைக்காலத்தில் தினமும் பார்க்க வேண்டும். கிணற்றைவிட எனக்குப் பயம் பாத்ரூம் வாளிதான். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் கொஞ்சம் தண்ணீரே போதும் மூழ்க. உபயோகித்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

தரையைப் பழைய ரெட் ஆக்சைடாகவே விட்டோம். வெடித்த இடத்தில் போட்ட ஒட்டு நிறம் மாறித் தெரிகிறது, தெரியட்டும். பளபள டைல்ஸைவிட முட்டிக்கும் உள்ளங்கைக்கும் அதுதான் பிடிக்கிறது, பாப்பா அதில் நன்றாகவே ஓடுகிறாள், நாலு காலில்.

இன்னும் என்ன வேலை பாக்கி?

மாடி அறை, திண்ணைத் தூண்கள், சமையலறை அலமாரிகள். எதற்கும் அவசரம் இல்லை. மாடி ஜன்னல்களில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறது. அது உதிராமல் இருப்பதால் பூட்டி வைத்திருக்கிறோம். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில், லீவுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டு அதில் கை வைப்போம்.

உங்கள் கொத்தனார் நம்பர் கிடைக்குமா?

அவருக்கு வயதாகிவிட்டது, கையில் இருக்கும் வேலையே அதிகம், அதனால் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி, சுண்ணாம்பில் திருப்பணி நடக்கிற கோயிலுக்குப் போய்க் கேட்பது. எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தார். போனதும் கூலியைப் பேசாதீர்கள். கடைசியாகச் செய்த கூரை எங்கே என்று கேட்டு, ஒரு மழைக்காலம் பார்த்த கூரையாக இருந்தால், அந்த வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கி மேலே ஏறிப் பாருங்கள். தையிலேயே ஆள் சொல்லிவைத்துவிடுங்கள். பங்குனியில் தேடினால் ஆள் கிடைக்கும்போது ஆடி வந்துவிடும், ஐப்பசிக்குள் தளம் காயாது.